காற்றில் ஓடுமா கார்?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. காற்றில் ஓடும் கார் வந்துவிட்டதாம். டாடா நிறுவனம் தயாரிக்கிறதாம். ஒருமுறை காற்று நிரப்ப நூறு ரூபாய்கூட ஆகாதாம், 300 கிலோமீட்டர் ஓடுமாம். புகை இல்லை, சத்தம் இல்லை. கூடவே முட்டை வடிவத்தில் ஒரு சின்னஞ்சிறு வண்டியின் படமும் இருக்கும். கடைசி வரியில், எண்ணெய் நிறுவனங்கள் இதை வெளிவரவிடாமல் தடுக்கின்றன, எனவே அனைவருக்கும் பகிருங்கள் என்ற வேண்டுகோள்.

இந்தச் செய்தி முதலில் பரபரப்பானது 2007-இல். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய், கடன் வாங்கிக் கார் வாங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். காற்றுக் கார் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குக் கட்டளை. இதையும் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது முழுப் பொய் அல்ல. அழுத்தப்பட்ட காற்றினால் வண்டி ஓடும். ஓடியிருக்கிறது, அதுவும் நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலேயே.

காற்றழுத்தத்தையும் நீரழுத்தத்தையும் கொண்டு கருவிகள் செய்வது பழைய கலை. 9-ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் இத்தகைய நூதனக் கருவிகளுக்கென்றே ஒரு நூல் எழுதி வைத்தார்கள். வண்டியை இழுக்கும் அளவுக்குக் காற்றை அடைத்து வைக்கும் திறமை கைகூடியது 19-ஆம் நூற்றாண்டில்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோதார்ட் சுரங்கப்பாதை அமைத்தபோது (1872-1882) பாறைகளை வெளியே இழுத்து வந்த எஞ்சின்களில் சில காற்றில் ஓடியவை. நிலக்கரி எஞ்சினை உள்ளே விட்டால் புகையிலேயே தொழிலாளிகள் மூச்சுத் திணறிப் போவார்கள். காற்று எஞ்சின் வெளியே விடுவதும் காற்றுதான். நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே எஞ்சின்கள் நெடுங்காலம் உழைத்தன. தீப்பொறி பறக்காது என்பதால் வெடி விபத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பிரான்சின் நான்ட் நகரத்தில் 1879 முதல் டிராம் வண்டிகளே காற்றில் ஓடின. லூயி மெக்கார்ஸ்கி என்ற பொறியாளரின் அமைப்பு அது. அவர் ஒரு சூட்சுமம் செய்திருந்தார். கலனிலிருந்து வரும் காற்றை நேராக எஞ்சினுக்கு அனுப்பாமல், சூடான தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டி வழியாகச் செலுத்தி, வெப்பமேற்றி அனுப்பினார். ஏன் சூடாக்க வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம், கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. நான்ட் நகர டிராம்கள் 1917 வரை அப்படியே ஓடி, பிறகு மின்சார டிராம்களுக்கு வழிவிட்டன. அவற்றை வீழ்த்தியது எண்ணெய் நிறுவனம் அல்ல, மின்சாரம். பகிரும் விரல்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

நம் காலத்துக் கதையின் நாயகர் கீ நெக்ர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் வடிவமைத்த அனுபவம் உள்ளவர். 1990-களில் எம்.டி.ஐ. என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் காற்றுக் காரை உருவாக்குவதில் இறங்கினார். 2007-இல் டாடா மோட்டார்ஸ் அவருடைய தொழில்நுட்பத்தை இந்தியாவில் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. வாட்ஸ்அப் செய்தியில் உண்மையான பகுதி இதுதான். ஒரு பெரிய நிறுவனம் ஆய்வுக்குக் கையெழுத்திட்டதை, கார் நாளை மறுநாள் கடைக்கு வருகிறது என்று ஊடகங்கள் புரிந்துகொண்டன. அல்லது புரிந்துகொள்ள விரும்பின.

காற்று எரிபொருள் அல்ல

குழப்பம் முழுவதும் ஒரு சொல்லில் இருக்கிறது. காற்றை "எரிபொருள்" என்று எழுதிவிடுகிறார்கள். பெட்ரோல் எரிகிறது. அதற்குள்ளேயே ஆற்றல் இருக்கிறது, நாம் போட்டு வைத்ததல்ல. காற்றில் அப்படி எதுவும் இல்லை. நம்மைச் சுற்றியிருக்கும் காற்று இறைவன் தந்தது, இலவசம். அதை அழுத்துவது இலவசமல்ல. சாவி கொடுத்த பொம்மைக் காரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருள் வில்லை நம் கை முறுக்குகிறது, முறுக்கிய அளவுக்குள்தான் பொம்மை ஓடும். காற்றுக் காரில் காற்றுதான் அந்த வில். முறுக்கும் கை, மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரெசர்.

சி.என்.ஜி. ஆட்டோவில் சிலிண்டருக்குள் அழுத்தி அடைத்துத்தானே ஓட்டுகிறார்கள், அதேதானே இது என்று சிலர் கேட்பதுண்டு. அதே அல்ல. சி.என்.ஜி. எரிகிற வாயு. சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைப்பது, நிறைய வாயுவைச் சின்ன இடத்தில் கொண்டுபோவதற்காக மட்டுமே. காற்றுக் காரில் எரிவதற்கு ஒன்றுமில்லை, அழுத்தம் மட்டும்தான் சரக்கு.

அந்தச் சரக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. சொச்சம், அதாவது 2 பாருக்குச் சற்று மேல். காற்றுக் காருக்குச் சொல்லப்படும் அழுத்தம் 300 பார், ஏறத்தாழ 4,350 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடைக் கம்ப்ரெசரால் இதை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் சுவாச சிலிண்டர்களில் இருக்கும் அழுத்தம் இது.

300 லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் 300 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால் அந்தக் காற்று மட்டும் சுமார் 100 கிலோ எடை இருக்கும். காற்றுக்கு எடையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அந்த 100 கிலோவிலிருந்து, ஒரு துளியும் வீணாகாத கற்பனை எஞ்சினை வைத்து எடுத்தால்கூட, கிடைக்கக்கூடிய வேலை ஏறத்தாழ 12 யூனிட். மின்வாரிய பில்லில் வருகிற அதே யூனிட்தான். நடைமுறை எஞ்சினில் அதில் பாதி கைக்கு வந்தால் பெரிய விஷயம். ஆக, 6 யூனிட்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது, மீதி சைலென்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறிவிடுகிறது. அந்த ஓட்டை எஞ்சினோடு ஒப்பிட்டால்கூட, 300 லிட்டர் காற்றுக் கலன் இரண்டரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். சின்ன, எடை குறைந்த காரில் 60, மிஞ்சினால் 70 கிலோமீட்டர் ஓடலாம். அதுவும் ஏ.சி. போடாமல், மேம்பாலங்களில் ஆளை ஏற்றிக்கொண்டு திணறாமல் இருந்தால்.

சரி, 300 கிலோமீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது? எம்.டி.ஐ.யின் ஆரம்பகால விளம்பரங்களே 200 முதல் 300 கிலோமீட்டர் என்று பேசின. அதைவிட நீண்ட தூரங்களைச் சொன்ன அமெரிக்க விளம்பரங்களில் சின்ன எழுத்தில் ஒரு விவரம் இருந்தது. அந்த வண்டிகளில் காற்றைச் சூடாக்க ஒரு பர்னர் உண்டு, அதில் எரிவது பெட்ரோல் போன்ற எரிபொருள்! மெக்கார்ஸ்கியின் வெந்நீர்த் தொட்டி வேறு வடிவத்தில் திரும்ப வந்திருக்கிறது.

சூடும் குளிரும்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு முறை ஓங்கி அடித்ததும் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை ஒரே மூச்சில், சூடு வெளியேற வழியில்லாமல் 300 பாருக்கு அழுத்தினால், கணக்குப்படி அது 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு செக்கச்செவேலென்று பழுக்கும் வெப்பம் அது. எந்த இயந்திரமும் தாங்காது. எனவே கம்ப்ரெசர்கள் மூன்று, நான்கு படிகளில் அழுத்தி, ஒவ்வொரு படியிலும் காற்றைக் குளிர்வித்து அடுத்ததற்கு அனுப்புகின்றன. அப்படி வெளியே போகும் வெப்பம் முழுவதும் நாம் காசு கொடுத்த மின்சாரம்தான். கம்ப்ரெசர் அறையைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது.

திரும்பும் வழியில் இதற்கு நேர்மாறு நடக்கும். அடைபட்ட காற்று விரியும்போது குளிர்கிறது. அடுப்பு நீண்ட நேரம் வேகமாக எரியும்போது கேஸ் சிலிண்டரின் வெளிப்புறம் ஜில்லென்று வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே திரவம் ஆவியாவதால் குளிர்கிறது, இங்கே காற்று விரிவதால். 300 பாரிலிருந்து வெளியே வரும் காற்று தனக்குத் தேவையான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ள நேரம் கொடுக்காவிட்டால், எஞ்சின் உறைநிலைக்குக் கீழே வெகுதூரம் போய்விடும். காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி வால்வுகளை அடைக்கும். அதைவிட முக்கியமானது, குளிர்ந்த காற்று சுருங்கிவிடுவதால் பிஸ்டனைத் தள்ளும் வலுவும் குறைந்துவிடும். மெக்கார்ஸ்கி வெந்நீரைத் தேடிப் போனது இதற்காகத்தான். 2009-இல் டாடா தரப்பிலிருந்து வந்த செய்தியும் இதே இடத்தில்தான் நின்றது: ஓடும் தூரம் போதவில்லை, எஞ்சின் மிகவும் குளிர்ந்துவிடுகிறது.

2011-இல் ஜப்பானில் டொயோட்டா குழுமத்தினர் 'கூரின்' என்று ஒரு மூன்று சக்கரக் காற்று வண்டி செய்தார்கள். வெளிக்காற்றின் வெப்பத்தை எஞ்சினுக்குக் கொண்டுவரும் குழாய்களெல்லாம் அதில் இருந்தன. மணிக்கு 129.2 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுச் சாதனை படைத்தது. ஒருமுறை நிரப்பினால் அது ஓடக்கூடிய தூரம் 3.2 கிலோமீட்டர். சாதனையைக் கொண்டாடிவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

புகை எங்கே போகிறது?

வண்டியில் புகை இல்லை என்பது உண்மை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன 300 லிட்டர் கலனை நிரப்பக் கம்ப்ரெசர் தின்னும் மின்சாரம் சுமார் 25 யூனிட். திரும்பக் கிடைப்பது 6. நான்கு ரூபாய் போட்டு ஒரு ரூபாய் எடுக்கிற வியாபாரம்.

அதே 25 யூனிட்டை ஒரு சின்ன பேட்டரிக் காரில் ஏற்றினால், சார்ஜ் ஆகும்போது வீணாவது போக, 200 கிலோமீட்டர் ஓடலாம். நம் நாட்டில் விற்கும் எம்.ஜி. காமெட் காரில் இருப்பது 17.3 யூனிட் பேட்டரி. சோதனைக் கணக்கில் 230 கிலோமீட்டர் என்கிறார்கள். சாலையில் அதைவிடக் குறையும், குறைந்தாலும் காற்றுக் கார் பக்கத்தில்கூட வர முடியாது.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 25 யூனிட்டுக்கு 17 கிலோவுக்கு மேல். அதை 65 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 270 கிராம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரண பெட்ரோல் கார் வெளியிடுவது சுமார் 115 கிராம். புகையில்லாக் கார் என்று நாம் பாராட்டும் வண்டி, எண்ணூரிலோ நெய்வேலியிலோ இரண்டு மடங்குக்கும் மேலாகப் புகைக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. காற்றுக் காருக்கு எவ்வளவு சாதகமாகக் கணக்குப் போட்டாலும் அது பேட்டரிக் காருக்கு வெகுவாகப் பின்தங்குகிறது, நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள இடங்களில் பெட்ரோல் காரைவிடவும் சூழலைக் கெடுக்கிறது என்பது அவர்களின் முடிவு.

செலவு? யூனிட் 8 ரூபாய் என்றால் 200 ரூபாய்க்கு 65 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் சொச்சம். பெட்ரோலுக்கு 5 ரூபாய் ஆகும். ஆக, காற்றுக் கார் பெட்ரோலைவிட மலிவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மலிவு காற்றின் திறமையால் வந்ததல்ல. பெட்ரோல் விலையில் வரி கணிசமான பங்கு என்பதால் வந்தது. பேட்டரிக் கார் அதே 200 ரூபாயில் மூன்று மடங்கு தூரம் போய்விடுகிறது.

கார் ஓடும்போதே ஒரு காற்றாடியைச் சுழலவிட்டோ, சக்கரத்தோடு ஒரு கம்ப்ரெசரை இணைத்தோ கலனை நிரப்பிக்கொண்டே போனால் என்ன? இந்த யோசனையை நன்றாகப் படித்தவர்களும் சொல்கிறார்கள், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளிலும் ஆண்டுதோறும் பார்க்கலாம். நடக்காது. அந்தக் காற்றாடியைச் சுழற்றும் எதிர்க்காற்று, காரைப் பின்னால் பிடித்துத் தள்ளும் காற்று. சக்கரத்தில் மாட்டிய கம்ப்ரெசர் பிரேக் போட்டது போல இழுக்கும். கலனிலிருந்து 10 ரூபாய் எடுத்துச் செலவழித்து, 2 ரூபாயைத் திரும்பக் கலனில் போடுகிற வேலை. இறக்கத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் வீணாகப் போகும் ஆற்றலைக் கொஞ்சம் சேமிக்கலாம். அதைப் பேட்டரிக் கார்கள் ஏற்கெனவே செய்கின்றன. மூலிகைப் பெட்ரோல் என்று 1996-இல் தமிழகமே கொண்டாடியது நினைவிருப்பவர்களுக்கு, இயற்கையின் கணக்கில் ஓசிக்கு எதுவும் தரப்படுவதில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

கலன் வெடித்துவிடுமே என்ற அச்சம் மட்டும் கொஞ்சம் மிகை. கார்பன் இழை சுற்றிய கலன்கள் இரும்பு போலச் சில்லுசில்லாகச் சிதறாமல் கிழிந்து காற்றை விடும்படி செய்யப்படுகின்றன. விலைதான் அதிகம்.

வண்டிகள் என்னவாயின?

முட்டை வடிவ வண்டியின் பெயர் ஏர்பாட். ஸ்டியரிங்குக்குப் பதில் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவது. 2009-இல் ஏர் பிரான்ஸ் - கே.எல்.எம். விமான நிறுவனம் ஆம்ஸ்டர்டாம் ஷிபோல் விமான நிலையத்தில் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. 2012 மே மாதம் டாடா மோட்டார்ஸ், தன்னுடைய இரண்டு வண்டிகளில் காற்று எஞ்சினைப் பொருத்தி முதல் கட்டச் சோதனையை முடித்துவிட்டதாக அறிவித்தது. இரண்டாம் கட்டத்தின் முடிவில் எந்தக் காரும் விற்பனைக்கு வரவில்லை. 2015-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஷார்க் டேங்க் நிகழ்ச்சியில் ஏர்பாடுக்கு 50 லட்சம் டாலர் முதலீடு தருவதாக ஒருவர் முன்வந்தார், அதுவும் கைகூடவில்லை. கீ நெக்ர் 2016-இல் காலமானார்.

பிரான்சின் பெஜோ சித்ரோயன் நிறுவனம் புத்திசாலித்தனமாக வேறு வழியில் யோசித்தது. 2013-இல் அறிவித்த அதன் 'ஹைப்ரிட் ஏர்' காரில் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சிலிண்டரில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைத்து, அடுத்த சில வினாடிகளில் வண்டி கிளம்பும்போது அதையே திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. அழுத்தத்தில் பிறந்த சூடு ஆறுவதற்குள்ளேயே வாயு மறுபடி விரிந்துவிடுவதால், முன்னே சொன்ன நஷ்டம் வெகுவாகக் குறையும். 100 கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர் என்று குறி வைத்தார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருந்தது. ஆனால் முதலீட்டைப் பகிர்ந்துகொள்ள வேறு கார் நிறுவனம் எதுவும் கிடைக்காமல் அந்தத் திட்டமும் கிடப்பில் போனது.

அழுத்தக் காற்று பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேருந்து பிரேக் பிடிக்கும்போது 'புஸ்' என்று கேட்பது அதுதான். இடத்துக்கும் எடைக்கும் பஞ்சமில்லாத நிலையில் மின்சாரத்தைச் சேமிக்கவும் அது கைகொடுக்கிறது. ஜெர்மனியின் ஹன்டோர்ஃப் மின்நிலையம் 1978 முதல், பூமிக்கடியில் உப்புப் பாறையில் குடைந்த பெரும் குகைகளில் காற்றை அடைத்து வைத்து, தேவைப்படும்போது மின்சாரம் எடுக்கிறது. அங்கும் காற்றைச் சூடாக்க இயற்கை எரிவாயு எரிக்கிறார்கள். சீனாவின் ஷாங்ஜியாகோவில் 2022-இல் மின்தொகுப்போடு இணைக்கப்பட்ட 100 மெகாவாட் நிலையம், அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தைத் தனியே பிடித்து வைத்து, விரியும்போது அதையே திருப்பித் தருகிறது. ஒரு மின்நிலையத்தால் அதற்கென்று பெரிய தொட்டிகளை வைத்துக்கொள்ள முடியும், நாலு பேர் உட்காரும் காரால் முடியாது.

காற்றுக் கார் வரட்டும் என்று இப்போதைய வண்டியை மாற்றாமல் காத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பதிவு, ஏஜென்சி, டீலர்ஷிப் என்று யாராவது வந்தால், வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை எடுக்கும் முன் இரண்டே எண்களைக் கேளுங்கள்: கலன் எத்தனை லிட்டர், அழுத்தம் எத்தனை பார்? 300 பாரில் 25 லிட்டருக்கு ஒரு யூனிட், அதில் பாதிதான் சக்கரத்துக்கு வரும். சின்னக் காருக்கு ஒரு யூனிட்டில் 10 முதல் 12 கிலோமீட்டர். அப்படியானால் 25 லிட்டர் காற்றுக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் 1,250 லிட்டர் கலன் வேண்டும். நம் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி 1,000 லிட்டர்.